ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல சப் வேலை: இ.ஏ.டி. வந்தாச்சு, எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

பொதிகைச்சாரல் (டாலஸ் பக்கம்) | ஜனவரி 12, 2026

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எச்-4 இ.ஏ.டி. கார்டு வந்தது, எச்-1பி விசாவுல இருக்கிறவங்க துணைவருக்கான வேலை அனுமதி. நாலு வருஷம் காத்திருந்த கார்டு. தபால் பெட்டிகிட்ட நின்னே கவரைப் பிரிச்சுட்டேன்.

ஊர்ல நான் கணக்கு டீச்சர். எம்.எஸ்சி., பி.எட். திருநெல்வேலியில ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல ஆறு வருஷம் எட்டாவது, ஒன்பதாவது எடுத்தேன். இங்க வந்ததுல இருந்து சாக்பீஸைத் தொடலை. பொண்ணு ரெண்டாம் கிளாஸ் படிக்கிறா. அவ ஸ்கூல் வேலியில "சப்ஸ்டிட்யூட் டீச்சர்ஸ் தேவை"ன்னு பேனர் கட்டியிருக்காங்க, டீச்சர் லீவு போட்டா அவங்களுக்குப் பதிலா நிக்கிற வேலை. பிக்கப் லைன்ல தினமும் இருபது நிமிஷம் அந்த பேனருக்கு எதிர்லதான் கார் நிக்குது.

ஊர் டிகிரியை ஒத்துக்குவாங்களா? சர்டிஃபிகேட் வேணுமா? இன்னொரு விஷயம், கேட்கவே தயக்கமா இருக்கு. என் இங்கிலீஷ் பிள்ளைங்களுக்குப் புரியுமா? கடையில ஒரு தடவை சொன்னதை ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு.

---

வேப்பம்பூ (பிளேனோ) | ஜனவரி 12

வாங்க சகோதரி. நான் இங்க நாலு வருஷமா சப் பண்றேன்.

டெக்சாஸ்ல சப்புக்குன்னு மாநில லைசென்ஸ் கிடையாது. தகுதியை அந்தந்த ஐ.எஸ்.டி.தான் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்துற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) முடிவு பண்ணும். ஒரு இடத்துல ஹைஸ்கூல் முடிச்சிருந்தா போதும், இன்னொரு இடத்துல 60 காலேஜ் கிரெடிட் (சுமார் ரெண்டு வருஷப் படிப்பு), வேறொரு இடத்துல முழு டிகிரி. பக்கத்துப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்லயே ரூலும் சம்பளமும் வேற வேற. உங்க வீட்டுல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள எத்தனை டிஸ்ட்ரிக்ட் இருக்குன்னு முதல்ல மேப்ல பாருங்க. ரெண்டு மூணுல போடலாம், யாரும் தடுக்க மாட்டாங்க.

அப்புறம் கைரேகை. சப் எல்லாரும் கொடுக்கணும், அது மாநிலச் சட்டம். டிஸ்ட்ரிக்ட் ஒரு லிங்க் அனுப்பும், அதை வெச்சு அப்பாயின்ட்மென்ட் போட்டு, உங்க காசுல கொடுக்கணும். எனக்கு முதல் தடவை ரேகை சரியா விழலைன்னு ரிஜெக்ட் ஆச்சு. பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் வழவழன்னு இருந்திருக்கு. அந்த ஆபரேட்டர் அம்மா, "ஒரு வாரம் கிளவுஸ் போட்டுப் பாத்திரம் கழுவு, ராத்திரி லோஷன் தடவு"ன்னு சொன்னாங்க. அடுத்த தடவை பதிஞ்சது. ரெண்டு தடவையும் பதியலைன்னா பேரை வெச்சுத் தேடுற வழியும் இருக்கு. பயப்படாதீங்க.

ஆக்சன்ட் பத்தி: பிள்ளைங்களுக்கு முதல் அஞ்சு நிமிஷம் புதுசா இருக்கும், அதோட சரி. நம்மளை மாட்டிவிடுறது உச்சரிப்பு இல்ல, வார்த்தை. ரப்பர்னு சொல்லாதீங்க, இரேசர். ரப்பர்னா இங்க ஆணுறை, ஹைஸ்கூல்ல சொன்னா அந்த பீரியடே போச்சு. ஃபுல் ஸ்டாப் இங்க பீரியட். கடைசி எழுத்து இசட் கிடையாது, ஸீ. பிராக்கெட்டை பேரன்தசிஸ்ம்பாங்க. கணக்குல எதை முதல்ல போடணும்கிற போட்மாஸ் யாருக்கும் தெரியாது, பெம்டாஸ்னு கேளுங்க.

---

எடிசன்_அம்மா (நியூ ஜெர்சி) | ஜனவரி 13

எங்க ஊர்ல நடைமுறை வேற. கவுண்டி மூலமா சப்ஸ்டிட்யூட் கிரெடென்ஷியல் எடுக்கணும். 60 கிரெடிட் இருந்தா போதும், ஒரு தடவை எடுத்தா அஞ்சு வருஷம் செல்லும்.

நான் சொல்ல வந்தது டி.பி. (காசநோய்) டெஸ்ட். எல்லா மாநிலத்துலயும் கேட்க மாட்டாங்க, ஆனா கேட்டா நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் இதுல மாட்டுவோம். எனக்கு முழங்கைக்குக் கீழ ஊசி போட்டாங்க, மூணாம் நாள் காட்டச் சொன்னாங்க. நர்ஸ் சின்ன ஸ்கேலை வெச்சு வீக்கத்தை மில்லிமீட்டர்ல அளந்தாங்க. 12 வந்துச்சு. பாசிட்டிவ்னு எழுதிட்டாங்க. எனக்குக் கை கால் உதறிப்போச்சு. வீட்டுல ஒரு வயசுக் குழந்தை. அன்னைக்கு ராத்திரி அவளைத் தனியாப் படுக்க வெச்சேன்.

காரணம், நம்ம தோள்ல தழும்பு இருக்கே, பி.சி.ஜி. தடுப்பூசி, அது போட்டிருந்தா தோல் டெஸ்ட் பொய்யா பாசிட்டிவ் காட்டலாம். அமெரிக்காவுல அதைப் பொதுவா யாருக்கும் போடுறதில்ல. அதனால போறப்பவே, "எனக்கு பி.சி.ஜி. போட்டிருக்கு, தோல் டெஸ்ட் வேண்டாம், ரத்தத்துல எடுக்கிற ஐ.ஜி.ஆர்.ஏ. டெஸ்ட் வேணும்"னு கேளுங்க. குவான்டிஃபெரான்னாலும் புரிஞ்சுப்பாங்க. அந்த ரத்த டெஸ்ட்டை பி.சி.ஜி. பாதிக்காது. எனக்கு அதுல நெகட்டிவ். முன்னாடியே தெரிஞ்சிருந்தா எக்ஸ்ரே, மூணு வார அலைச்சல், அந்த ராத்திரி எதுவும் இருந்திருக்காது.

---

சிலிக்கான்செல்வி (கலிஃபோர்னியா) | ஜனவரி 13

எடிசன் அக்கா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை.

கலிஃபோர்னியாவுல இருக்கிறவங்களுக்காக: இங்க மாநில கமிஷன் கொடுக்கிற 30 நாள் எமர்ஜென்சி சப்ஸ்டிட்யூட் பெர்மிட் வேணும். 30 நாள்னா பெர்மிட் 30 நாள்ல முடியும்னு அர்த்தம் இல்ல. பெர்மிட் ஒரு வருஷம். பேர்ல இருக்கிற நாள் கணக்கு, ஒரே டீச்சருக்குப் பதிலா எத்தனை நாள் நிக்கலாம்கிற வரம்பைப் பத்தினது. இது புரியாம நான் ஆறு மாசம் அப்ளை பண்ணாமலே இருந்தேன். முழு பேச்சிலர் டிகிரி கட்டாயம், ஊர் டிகிரியை கமிஷன் ஒத்துக்கிட்ட நிறுவனத்துல மதிப்பீடு செஞ்சு கொடுக்கணும்.

---

தறியோசை (ஆஸ்டின்) | ஜனவரி 14

மாற்றுக் கருத்து சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எம்.எஸ்சி., பி.எட்., ஆறு வருஷ அனுபவம். அதுவும் கணக்கு. இவங்க எதுக்கு நாள் கூலிக்குப் போகணும்? டெக்சாஸ்ல முழு டீச்சர் ஆகிறதுக்கு மாற்று வழிச் சான்றிதழ் திட்டங்கள் எத்தனையோ இருக்கு. 2.5 ஜி.பி.ஏ. (4க்கு), டிகிரி மதிப்பீடு, டெக்செஸ்ங்கிற மாநில ஆசிரியர் தேர்வு, ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். அந்த வருஷமே முழுச் சம்பளம், இன்ஷூரன்ஸ். கணக்கு டீச்சருக்கு இங்க எப்பவும் தட்டுப்பாடு. என் மனைவி ஒரு நாள்கூட சப் பண்ணலை, நேரா இப்படித்தான் போனாங்க. சப்னா பெரும்பாலும் ஒர்க்ஷீட்டைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கிறதுதான். படிச்ச பொண்ணுங்க தங்களைத் தாங்களே குறைச்சு மதிப்பிடுறதைப் பார்க்க மனசு கஷ்டப்படுது.

---

வேப்பம்பூ | ஜனவரி 14

அண்ணா, உங்க அக்கறை புரியுது. அந்த வழியும் நல்ல வழிதான். ஆனா உங்க மனைவி இந்த ஊர் வகுப்பறைக்குள்ள முதல் தடவை போனப்பவே 150 பிள்ளைங்களுக்குப் பொறுப்போட போயிருப்பாங்க. எல்லாராலும் அது முடியாது.

நம்ம ஊர்ல டீச்சர் உள்ள வந்தா பிள்ளைங்க எழுந்து நிப்பாங்க. இங்க டெஸ்க் மேல படுத்திருக்கிற பையனை எப்படி எழுப்பணும்? தொடவே கூடாது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்களுக்கு எழுதி வெச்சிருக்கிற ஐ.இ.பி., 504 பிளான்னா என்ன? பாத்ரூம் போக ஹால் பாஸ் எத்தனை பேருக்கு ஒரே நேரத்துல கொடுக்கலாம்? ஆபத்து வந்து கதவைப் பூட்டச் சொல்லி லாக்டவுன்னு அறிவிச்சா பிள்ளைங்களை எந்த மூலையில உட்கார வைக்கணும்? பி.எட்.ல இதெல்லாம் இல்ல. அஞ்சு ஸ்கூல்ல பத்துப் பத்து நாள் நின்னா தெரிஞ்சிடும். எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல், எந்த பிரின்சிபால் ஆளை மதிக்கிறவங்கன்னும் தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் டெக்செஸ் எழுதலாமே. பொதிகைச்சாரலுக்கு நான் சொல்றது: ஒரு செமஸ்டர் சப், அப்புறம் சான்றிதழ்.

---

மஞ்சள்நூல் (சிகாகோ புறநகர்) | ஜனவரி 15

எனக்கு நடந்ததையும் சொல்லணும், இல்லன்னா எல்லாம் சுமுகமா இருக்கும்னு நினைச்சிடுவீங்க.

என் மூணாவது நாள், ஒரு மிடில் ஸ்கூல். டேபிள்ல சப் ஃபோல்டர் (டீச்சர் எழுதி வைக்கிற குறிப்பு) இல்ல. அட்டென்டன்ஸ் லிஸ்ட் பழசு. ஆபீசுக்குப் போன் பண்ணா எடுக்கலை. ஏழாம் கிளாஸ், 28 பேர். பத்தாவது நிமிஷத்துல ரெண்டு பசங்க பேரை மாத்திச் சொன்னாங்க, ஒருத்தன் ஜன்னல்ல ஏறிட்டான். வகுப்பு இல்லாத என் பிளானிங் பீரியட்ல இன்னொரு வகுப்பைப் பார்க்கச் சொன்னாங்க, அதுக்குத் தனியாப் பணம் தரலை. சாயங்காலம் கார்ல உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த நாள் என்கூட வேலை பார்க்கிற ஒரு கறுப்பின அம்மா, முப்பது வருஷம் டீச்சரா இருந்து ஓய்வு பெற்றவங்க, சொன்னாங்க: "சப் வேலை எடுக்கிற ஆப்ல அந்த ஸ்கூலை பிளாக் பண்ணு. யாரும் காரணம் கேட்க மாட்டாங்க." சப்புக்கு இருக்கிற ஒரே அதிகாரம் அதுதான், கூச்சப்படாமப் பயன்படுத்துங்க. இப்ப மூணே மூணு எலிமென்டரிக்கு மட்டும்தான் போறேன். அங்க பிள்ளைங்க ஹால்ல பார்த்தா ஓடி வந்து பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. முழுப் பேரும். போர்டுல மிஸ் எஸ்-னு சுருக்கி எழுதுறவங்க இருக்காங்க, அது அவங்க இஷ்டம். நான் முழுசா எழுதி, மூணு துண்டாப் பிரிச்சு, கை தட்டிச் சொல்லிக் கொடுப்பேன். கிண்டர்கார்டன் பிள்ளைங்களுக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

---

அகல்விளக்கு (கலிஃபோர்னியா) | ஜனவரி 16

எல்லாரும் டீச்சர் சப் பத்தியே பேசுறீங்க. டிஸ்ட்ரிக்ட்ல பாரா (வகுப்புல டீச்சருக்கு உதவியாளர்), ஆபீஸ் கிளார்க், கஃபடீரியா, மதியம் பிளேகிரவுண்டைப் பார்த்துக்கிறவங்க, கஸ்டோடியன், பஸ் டிரைவர்னு எல்லாத்துக்கும் சப் எடுக்கிறாங்க. டிகிரி பேப்பர் வர மாசக்கணக்காகும்னா, அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். டைட்டில் ஒன்ங்கிற மத்திய அரசுப் பணத்துல (ஏழைப் பிள்ளைங்க அதிகம் உள்ள ஸ்கூலுக்குத் தர்றது) நடக்கிற பாரா வேலைக்குக்கூட ரெண்டு வருஷக் காலேஜ் இல்லன்னா ஒரு தேர்வு, அவ்வளவுதான்.

நான் ஸ்பெஷல் எட் (சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்க வகுப்பு) பாரா சப். பி.ஈ. படிச்சு ஐ.டி.யில இருந்தவ. இந்த வேலைக்கு வந்தது ஒரு விபத்து மாதிரிதான், இப்ப விட மனசில்லை.

முதல் நாள் ஆறு வயசுப் பையன் ஒருத்தனோட இருக்கச் சொன்னாங்க. பேச்சு வராது. அவன் இடுப்புல ஒரு வளையம், அதுல லேமினேட் பண்ண சின்னச் சின்னப் படங்கள் கோர்த்திருக்கும்: தண்ணி, பாத்ரூம், இன்னும் வேணும், போதும். நான் பயத்துல பேசிக்கிட்டே இருந்தேன். இது என்ன கலர், அது என்ன மிருகம், குட் ஜாப், குட் ஜாப். அவன் வளையத்தைத் திருப்பித் திருப்பித் தேடி, ஒரு படத்தைக் கழட்டி என் உள்ளங்கையில வெச்சான். "போதும்." நான் வாயை மூடினேன். ரெண்டு பேரும் பத்து நிமிஷம் சும்மா தரையில உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவனே நகர்ந்து வந்து என் முழங்கால்ல சாஞ்சுக்கிட்டான்.

அன்னைக்கு ஃபயர் டிரில் இருந்தது. அவங்க டீச்சர் எழுதி வெச்ச குறிப்புல ஒரு வரி: "10:15க்கு மணி அடிக்கும், 10:10க்கே ஹெட்ஃபோன் மாட்டிவிடவும்." அந்த ஒரு வரியை நான் படிக்காம விட்டிருந்தா அவனுக்கு அன்னைக்கு நாள் முழுக்க நரகம். உட்கார்ந்திருக்கிற வேலைன்னு ஒரு அண்ணா சொன்னார். குறிப்பை நிதானமாப் படிங்க, ரெண்டு தடவை படிங்க. பாதி வேலை அதுதான்.

---

தறியோசை | ஜனவரி 16

அகல்விளக்கு, நான் சொன்ன விதம் தப்பு. மன்னிக்கணும். சம்பளம், இன்ஷூரன்ஸ் பத்தின என் கருத்து மட்டும் அப்படியே இருக்கு.

---

ஸ்காபரோ_பனைமரம் (ரொறன்ரோ) | ஜனவரி 18

இஞ்ச கனடாவில இதைச் சப்ளை எண்டுதான் சொல்லுவினம். ஒன்ராறியோவில ஒக்கேஷனல் ரீச்சரா வேலை செய்ய மாகாண ஆசிரியர் கல்லூரியின்ர சான்றிதழ் வேணும், அது படிக்கிற இடம் இல்லை, ஆசிரியருக்கு அனுமதி குடுக்கிற சபை. ஆக்கள் கிடைக்காத நாளில மட்டும் சான்றிதழ் இல்லாதவையையும் அவசரத்துக்குக் கூப்பிடுவினம். நான் யாழ்ப்பாணத்தில பதினொரு வருசம் படிப்பிச்சனான். இஞ்ச வந்து முதலில மதியச் சாப்பாட்டு நேரத்தில பிள்ளையளைப் பாக்கிற வேலை, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம். பொலிஸ் செக் எடுத்துக் குடுத்த உடன வேலை தந்தவை. அந்த ஒரு மணித்தியாலத்தில அதிபருக்கு என்னைத் தெரிஞ்சுது. பிறகு உதவியாளரா எடுத்தவை. எந்தக் கதவு திறக்குதோ அதுக்குள்ள போங்கோ தங்கச்சி, உள்ளுக்குப் போனாப் பிறகு மற்றக் கதவுகள் தெரியும்.

---

கடைசிவரிசை (சியாட்டில்) | ஜனவரி 19

பேப்பர் வேலை பத்தி மூணு விஷயம், யாரும் இன்னும் சொல்லலை.

ஒண்ணு, கார்டு முடியுற தேதி. முன்னாடி ரினியூவல் போட்டு ரசீதைக் காட்டினா 540 நாள் வரைக்கும் வேலையைத் தொடரலாம்னு இருந்தது. அக்டோபர் 30, 2025ல இருந்து போடுற ரினியூவலுக்கு அந்தத் தானா நீளுற சலுகை இல்ல. கார்டு தேதி முடிஞ்ச அன்னைக்கே டிஸ்ட்ரிக்ட் உங்களை நிறுத்திடும். 180 நாள் முன்னாடியே அப்ளை பண்ண முடியும், முதல் நாளே போட்டுடுங்க. என் தங்கை பிப்ரவரியில ஆரம்பிக்கிற லாங் டெர்ம் சப் வேலைக்கு ஒத்துக்கிட்டு, பாதியில விட வேண்டியிருக்குமோன்னு தவிச்சுட்டு இருக்கா. ஒரே கிளாஸ்ல மாசக்கணக்கா நிக்கிற வேலைக்கு ஒத்துக்கறதுக்கு முன்னாடி கார்டு தேதியைப் பாருங்க. தறியோசை சொல்ற ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்புக்கும் இதே சிக்கல்தான். எல்-2 துணைவர்களுக்கு (கம்பெனி மாத்தி அனுப்புற எல்-1 விசாக்காரங்க துணைவர்) இந்தத் தலைவலி இல்ல, ஐ-94 வருகைப் பதிவுல எல்-2எஸ்னு இருந்தாலே வேலை பார்க்கலாம்.

ரெண்டு, டபிள்யூ-4, சம்பளத்துல எவ்வளவு வரி பிடிக்கணும்னு சொல்ற படிவம். புருஷன் சம்பளம் பெரிசு, நம்ம சம்பளம் சிறிசு. படிவத்துல ரெண்டு பேரும் வேலை பார்க்கிறோம்கிறதைக் குறிக்கலன்னா வரி ரொம்பக் குறைவாப் பிடிப்பாங்க, ஏப்ரல்ல மொத்தமாக் கட்டணும்.

மூணு, கோடை விடுமுறையில ஒரு பைசா வராது. அடுத்த வருஷமும் கூப்பிடுவோம்னு டிஸ்ட்ரிக்ட் ஒரு கடிதம் கொடுத்துடும், அதனால வேலையில்லாதவங்களுக்கான அன்எம்ப்ளாய்மென்ட் பணமும் பெரும்பாலும் கிடைக்காது. ஜூன், ஜூலைக்கு ஒதுக்கி வைங்க.

---

பொதிகைச்சாரல் | ஏப்ரல் 17

ரொம்ப நாள் ஆச்சு, எல்லாரும் மன்னிக்கணும். உங்க ஒவ்வொருத்தர் பதிலையும் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்தேன்.

பிப்ரவரி கடைசியில ஓரியன்டேஷன், மார்ச் நடுவுல ஆப்ல பேர் வந்தது. முதல் வேலை மார்ச் 24. காலையில 5:40க்குப் போன் டிங்னு அடிச்சது. பார்த்து யோசிக்கிறதுக்குள்ள ரெண்டு வேலை கைமாறிப் போச்சு. மூணாவதை அழுத்திட்டேன். நாலாம் கிளாஸ், என் பொண்ணு ஸ்கூல் இல்ல, பக்கத்து ஸ்கூல்.

காலையில ரெண்டு உறுதிமொழி, ஒண்ணு அமெரிக்கக் கொடிக்கு, ஒண்ணு டெக்சாஸ் கொடிக்கு. ரெண்டாவது எனக்குத் தெரியாது. முன் வரிசையில ஒரு பொண்ணு என்னைப் பார்த்துட்டு மெதுவா, எனக்காகவே நிறுத்தி நிறுத்திச் சொன்னா.

பத்து மணிக்குக் கணக்கு. வகுத்தல். 96ஐ 4ஆல வகுக்கணும். நான் போர்டுல ஊர்ல போடுற மாதிரி நடுவுல 96, ரெண்டு பக்கமும் வளைவு, விடையை வலது பக்கம் எழுத ஆரம்பிச்சேன். வகுப்பே அமைதி. ஒரு பையன் கை தூக்கினான். "மிஸ், விடை மேலதானே போகணும்?" எனக்கு முகம் சூடாயிடுச்சு. அப்புறம் ஊர்ல டீச்சரா இருந்தவ உள்ள இருந்து எழுந்து வந்துட்டா. "நான் படிச்ச ஊர்ல இப்படி எழுதுவோம். உங்க ஊர்ல எப்படி? வந்து காட்டுங்க"ன்னு மார்க்கரை அவன் கையில கொடுத்தேன். அவன் மேல விடையை எழுதினான். இன்னொருத்தி, எங்க அப்பா மெக்சிகோவுல வேற மாதிரி எழுதுவார்னு வந்து அதையும் எழுதினா. மூணு விதத்துலயும் 24. மணி அடிச்ச பிறகும் ரெண்டு பேர் நோட்டுல என் முறையைப் போட்டுப் பார்த்துட்டு இருந்தாங்க.

அந்த டீச்சருக்குக் குறிப்பு எழுதி வெச்சேன், யார் எதை முடிச்சாங்க, யாருக்கு வயித்து வலின்னு நர்ஸ்கிட்ட அனுப்பினேன்னு. அடுத்த வாரம் அவங்களே என் பேரைப் போட்டுக் கேட்டிருக்காங்க. இது வரைக்கும் பதினோரு நாள் போயிருக்கேன். ஸ்டார்ங்கிற மாநிலத் தேர்வு நேரம், வேலைக்குக் குறைவில்லை. ஒரு நாள் பாராவாகவும் போனேன், அகல்விளக்கு அக்கா. குறிப்பை மூணு தடவை படிச்சேன்.

தறியோசை அண்ணா, டெக்செஸ் புத்தகம் லைப்ரரியில எடுத்தாச்சு.

---

வேப்பம்பூ | ஏப்ரல் 17

கண்ணு கலங்கிடுச்சு பா. மே மாசம் வெள்ளிக்கிழமைங்கள்ல நிறைய வேலை விழும், முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கே ஆப்பைப் பாருங்க.

---

புதுத்தளிர் (ஹூஸ்டன்) | ஏப்ரல் 18

இப்பத்தான் இந்த இழையைப் படிச்சேன். பொதிகைச்சாரல் அக்கா, எனக்கு பி.காம்., மூணு வருஷப் படிப்பு. அது செல்லுமா? டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல்) எப்படி வாங்கினீங்க?

---

பொதிகைச்சாரல் | ஏப்ரல் 18

செல்லும்மா, ஆனா உங்க டிஸ்ட்ரிக்ட் என்ன கேட்குதுன்னு முதல்ல பாருங்க. 60 கிரெடிட் கேட்டா மூணு வருஷப் படிப்பே தாராளம். முழு டிகிரி கேட்டா, எந்த நிறுவனத்துல மதிப்பீடு பண்றோம்கிறது முக்கியம். சிலர் மூணு வருஷத்தை மூணு வருஷமாவே எழுதுவாங்க. சிலர் காலேஜோட நாக் தர கிரேடும் நீங்க தேறின கிளாஸும் பார்த்து பேச்சிலர்னு எழுதுவாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு என் தம்பி பல்கலைக்கழகத்துக்கு மூணு தடவை நடந்தான். நிறுவனம் தர்ற படிவத்தைச் சேர்த்தே கொடுக்கச் சொல்லுங்க, நான் அதை விட்டுட்டுதான் ஒரு மாசம் போச்சு. கவர் மேல பல்கலைக்கழக முத்திரை இருக்கணும். அது உங்க வீட்டுக்கு வந்தா ஆசைக்குக்கூடப் பிரிக்காதீங்க, பிரிச்சா செல்லாது. அப்படியே இன்னொரு கவருக்குள்ள போட்டு அனுப்பிடுங்க.